சேர் ஹென்றி றொஸ்கோ: வனேடியத்தின் உண்மை கண்ட பேராசிரியர்

கல்லூரியொன்று தன் அகவையை எண்ணி விழா எடுக்கும் காலத்தில், அதன் மைந்தர்களாகிய நாம் பெரும்பாலும் கட்டடங்களையும், பரீட்சைப் பேறுகளையும், விளையாட்டிற் பெற்ற கிண்ணங்களையுமே எண்ணிப் பார்க்கின்றோம். அவை எண்ணத்தக்கனவே. ஆயினும், ஒரு கல்லூரி வாழ்வதும் தாழ்வதும் அங்கே கற்பிக்க வருகின்ற ஆசிரியரைப் பொறுத்தன என்ற உண்மையை இத்தகைய வேளையில் மறத்தலாகாது. மூடப்படும் நிலையிலிருந்த ஒரு கல்லூரிக்கு 24 வயதிலே பேராசிரியராகச் சென்று, ஏறக்குறைய 30 ஆண்டுகள் அங்கே பணியாற்றி, அதனைப் பல்கலைக்கழகமாக உயர்த்தியோருள் முன்னின்ற ஒருவரின் வரலாற்றை இம்மலரிற் கூற விழைகின்றோம். அவரே சேர் ஹென்றி என்பீல்ட் றொஸ்கோ.

இரசாயனம் பயின்ற நம் பழைய மாணவர் சிலர், ஒளியிரசாயன விதியொன்றோடு சேர்த்து அவர் பெயரை அறிந்திருப்பர். வனேடியம் என்னும் மூலகத்தின் வரலாற்றில் அவர் செய்த பணியை அறிந்தோர் மிகச் சிலரே. உலகம் முழுவதும் ஆசானெனப் போற்றிய ஒருவர் செய்த பிழையை, அவ்வாசானுக்குரிய மதிப்பிற் சிறிதும் குறையாது, தராசைக் கொண்டே திருத்திய வரலாறு அது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒருங்கே பயன்படுவது என எண்ணி அதனைச் சற்று விரித்துரைப்போம்.

குடியும் கல்வியும்

றொஸ்கோ 1833ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 7ஆம் நாள் இலண்டன் நகரிற் பிறந்தார். அவருடைய பாட்டனார் வில்லியம் றொஸ்கோ, லிவர்ப்பூல் நகரத்துப் பெருமக்களுள் ஒருவர், வரலாற்று நூலாசிரியர், கவிஞர். லிவர்ப்பூல் அந்நாளில் அடிமை வாணிகத்தாற் செல்வம் கொழித்த துறைமுகம். அந்நகரின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்தில் இருந்துகொண்டே, 1807இல் அவ்வாணிகத்தை ஒழிக்கும் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர் அப்பெரியார். தம் ஊரார் வெறுப்பினும் உண்மையென்று கண்டதைச் சொல்லும் இயல்பு அக்குடியிற் பிறந்தாருக்கு முதுசொமாக வந்தது போலும்.

வழக்கறிஞராயிருந்த தந்தையார் 1836இல் இறந்தபோது பிள்ளைக்கு வயது மூன்று. தாயார் மரியா, பிள்ளைகளுடன் லிவர்ப்பூலுக்குச் சென்று, ஓவியம் கற்பித்துக் குடும்பத்தைக் காத்தார். அந்நகரிலே தொழிலாளர் கல்வி நிலையத்தைச் சார்ந்திருந்த பாடசாலையிற் சிறுவன் கற்றான். இலத்தீனும் கிரேக்கமுமே கல்வியெனக் கருதப்பட்ட அக்காலத்தில், இரசாயனத்தைச் செய்முறையோடு கற்பித்த பாடசாலை அது. அங்கு மூண்ட ஆர்வம் பின்னர் அவியவேயில்லை.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தோமஸ் கிரகாம், வில்லியம்சன் என்னும் இருபெரும் ஆசிரியரிடம் பயின்று, 1853இற் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே யேர்மனி தேசத்து ஐடல்பேர்க் நகருக்குச் சென்று, புன்சனிடம் மாணவராகச் சேர்ந்தார். புன்சன் சுடரடுப்பைப் பயன்படுத்தாத இரசாயன மாணவர் இலர். றொஸ்கோ இலண்டனிலிருந்து கொண்டு சென்ற வாயுவிளக்கொன்றின் சுவாலை நிலையாக நில்லாமையைக் கண்டே, புன்சன் தம் சுடரடுப்பை அமைக்க முற்பட்டார் என்பது பலர் அறியாத செய்தி.

ஆசிரியரும் மாணவரும் கூடி, ஐதரசனும் குளோரீனும் ஒளிபட்டுச் சேரும் தாக்கத்தை ஆண்டுக்கணக்காக அளந்தனர். ஒளியினால் நிகழும் மாற்றம், அவ்வொளியின் செறிவையும் அது பட்ட நேரத்தையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது என அவர்கள் நிறுவினர். புன்சன்–றொஸ்கோ விதி என இன்றும் வழங்குவது அதுவே. விதியினும் மேலாக அவர் அங்குப் பெற்றது ஒன்றுண்டு. ஓர் அளவை உறுதியாகும் வரை அதனை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்க்கும் பொறுமையே அது.

நலிந்த கல்லூரி

மான்செஸ்டர் நகரத்துப் பருத்தி வணிகர் ஜோன் ஓவன்ஸ் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு, 1851இல் அந்நகரில் ஓவன்ஸ் கல்லூரி நிறுவப்பட்டது. அது குவே வீதியிலுள்ள ஒரு பழைய வீட்டிலே நடைபெற்றது. ஆறாண்டு கழியுமுன்னரே மாணவர் தொகை இரங்கத்தக்க அளவிற் குறைந்தது. கல்லூரி தோற்றுவிட்டதென்று செய்தித்தாள்களும் எழுதின. இரசாயனப் பேராசிரியராயிருந்த பிராங்லண்ட் 1857இல் விலகிச் செல்ல, அவ்விடத்துக்கு றொஸ்கோ தெரிவுசெய்யப்பட்டார்.

அவர் வந்த புதிதில் நிகழ்ந்ததொன்றைப் பிற்காலத்திற் சிரித்துக்கொண்டே சொல்வாராம். ஒருநாள் மாலை அவர் கல்லூரி வாயிலில் நின்றார். வழிப்போக்கனான ஏழையொருவன் அணுகி, வீடற்றோர் இரவு தங்கும் சத்திரம் இதுதானோ என்று வினவினான். இன்னும் அவ்வாறு ஆகவில்லை, ஆறு மாதம் கழித்து வந்தால் ஒருவேளை ஆகியிருக்கும் என்று றொஸ்கோ விடை கூறி அனுப்பினார். நகைச்சுவையாகச் சொன்னாரெனினும், கல்லூரியின் நிலை அதுதான்.

நலிந்த கல்லூரியை அவர் எவ்வாறு நிமிர்த்தினார்? விளம்பரத்தாலன்று. மான்செஸ்டரைச் சூழ்ந்து சாயத் தொழிற்சாலைகளும், சலவைத் தூள் ஆலைகளும், அமிலம் வடிக்கும் ஆலைகளும் நிறைந்திருந்தன. அவற்றை நடத்தியோர் பலர் இரசாயனம் அறியாதவர். அவர்தம் புதல்வர்களுக்கு முறையாக இரசாயனம் கற்பித்தால் கல்லூரியும் வளரும், ஊரும் வளரும் என்பதை றொஸ்கோ கண்டார். ஆயினும், தொழிலுக்கு வேண்டிய கைமுறைகளை மாத்திரம் கற்பிக்க அவர் உடன்படவில்லை. அடிப்படை விஞ்ஞானத்தைச் செவ்வனே கற்றவனே எத்தொழிலையும் திருத்தவல்லவன் என்பது அவர் துணிபு. ஐடல்பேர்க் முறைப்படி ஒவ்வொரு மாணவனும் தன் கையாலேயே பகுத்து, நிறுத்து, முடிவு காணவேண்டும் என அவர் விதித்தார். சிறிது சிறிதாக மாணவர் பெருகினர்.

அமெரிக்க உள்நாட்டுப் போரினாற் பஞ்சு வராது ஆலைகள் மூடப்பட்டு, பல்லாயிரம் தொழிலாளர் பட்டினி கிடந்த 1862ஆம் ஆண்டிலே, அம்மக்களுக்கு மாலைக் கூட்டங்களை ஏற்பாடு செய்தவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் ஒரு பென்னி கொடுத்து எவரும் வந்து கேட்கத்தக்க விஞ்ஞான விரிவுரைகளை ஒழுங்கு செய்து, நாட்டின் தலைசிறந்த அறிஞர்களை அவற்றிற்கு அழைத்து வந்தார்.

வனேடியத்தின் முன்வரலாறு

இனி, நாம் சிறப்பாகக் கூற எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். றொஸ்கோ செய்ததன் அருமை விளங்கவேண்டுமாயின், அவருக்கு முன் நடந்ததைச் சிறிது அறிதல் வேண்டும்.

மெக்சிக்கோ தேசத்திற் கனிப்பொருளியற் பேராசிரியராயிருந்த தெல் ரியோ என்பவர், 1801இற் சிமாப்பான் என்னும் இடத்திற் கிடைத்த ஈயத்தாதுவில் ஒரு புதிய மூலகத்தைக் கண்டார். 1805இற் பாரிஸ் நகரத்து இரசாயனர் ஒருவர், அது புதியதன்று, முன்னரே அறியப்பட்ட குரோமியமே என்று தீர்ப்புக் கூறினார். பாரிஸ் அந்நாளில் இரசாயனத்தின் தலைநகர். அந்தத் தீர்ப்புக்குத் தலைவணங்கி, தெல் ரியோ தாம் கண்டதைத் தாமே கைவிட்டார். அவர் கண்டது சரி. பாரிஸ் சொன்னதே தவறு.

பின்னர் 1830இற் சுவீடன் தேசத்துச் செவ்ஸ்ட்ரோம், அந்நாட்டு இரும்பொன்றிலிருந்து அம்மூலகத்தை மீண்டும் கண்டார். அதன் சேர்வைகள் பல்வேறு அழகிய நிறங்களைக் காட்டினமையால், வடநாட்டுப் பழங்கதைகளில் வனதீஸ் என வழங்கும் அழகுத் தெய்வத்தின் பெயரை அதற்குச் சூட்டினர். அடுத்த ஆண்டில் வோலர் என்னும் யேர்மானியர், தெல் ரியோவின் பொருளும் இதுவும் ஒன்றே என்று காட்டினார்.

புதிய மூலகத்தின் சேர்வைகளை விரிவாக ஆராயும் பொறுப்பைப் பெர்சீலியஸ் ஏற்றார். அவரை அறியாத இரசாயன மாணவர் இருக்கமாட்டார். மூலகங்களுக்கு இன்று நாம் எழுதும் குறியீடுகளை வகுத்தவர் அவர். அணுநிறைகளை ஒவ்வொன்றாக அளந்தவர் அவர். அவர் ஒன்றை நிறுத்துச் சொன்னால் ஐரோப்பா முழுவதும் அதனை ஏற்கும். 1831இல் அவர் வனேடியத்தின் அணுநிறை 68.5 என்றும், அதன் அமிலத்தில் ஓர் அணு உலோகத்தோடு மூன்று அணு ஒட்சிசன் உள்ளதென்றும் அறிவித்தார். உலோகத்தையும் தாம் பிரித்தெடுத்துவிட்டதாக எண்ணினார். 1848இல் அவர் மறைந்தார். அவர் சொல் நிலைத்தது.

சுரங்கத்துச் சுண்ணாம்பு

வனேடியம் அந்நாளிற் கிடைத்தற்கரியது. அதனை ஆராய விரும்பியோரும் போதிய அளவு பொருளின்றிக் கைவிட்டனர். 1865இற் செசயர் மாவட்டத்தில், மான்செஸ்டருக்கு அண்மையிலுள்ள செம்புச் சுரங்கங்களில் ஒரு வீழ்படிவு கழிவாகக் கிடப்பதை றொஸ்கோ கண்டார். மணற்கல்லிலுள்ள செம்பை அமிலத்தினாற் கரைத்தெடுக்கும்போது, உடன் கரைந்த பிறபொருள்களைச் சுண்ணாம்பு இட்டு வீழ்த்துவர். அச்சுண்ணாம்பு வீழ்படிவில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு வனேடியம் இருந்தது. பிறர் குன்றிமணி அளவிற் போற்றி வைத்திருந்ததை, றொஸ்கோ வண்டியில் ஏற்றி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரும் நிலை ஏற்பட்டது. ஊருக்கு அருகே கிடந்த கழிவிலிருந்தே அவருடைய பெரும்புகழ் தோன்றியது.

அப்பொருளைத் தூய்மை செய்து செம்மஞ்சள் நிற ஒட்சைட்டைப் பெற்று ஆராயும் வேலையில் அவருக்குத் துணைநின்ற இளைஞர் தோர்ப் என்பவர். பிற்காலத்தில் அவரும் சேர் பட்டம் பெற்ற பெரும் இரசாயனராகி, 1916இல் தம் ஆசிரியரின் வரலாற்றை நூலாக எழுதினார்.

றொஸ்கோவின் மனத்தில் ஐயம் எழுப்பியது ஒரு முரண்பாடு. ஒரே வடிவான படிகங்களையுடைய பொருள்கள் ஒரே வகையான அமைப்பும் உடையன என்பதை 1819இல் மிற்சர்லிக் கண்டார். அவ்விதியை முதன்முதல் வரவேற்று, தம் அணுநிறைகளுக்கு ஆதாரமாகக் கொண்டவர் பெர்சீலியசே. வனேடியம் உள்ள ஈயத்தாதுவோ, பொசுபரசு உள்ள ஈயத்தாதுவின் படிக வடிவையே கொண்டது. நம் நாட்டில் எப்பாவலையில் அகழப்படும் அப்பதைற்று என்னும் கனியமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பொசுபரசின் ஒட்சைட்டில் ஈரணுப் பொசுபரசுக்கு ஐந்தணு ஒட்சிசன். பெர்சீலியஸ் சொன்னபடி வனேடியத்தில் ஓரணுவுக்கு மூன்று. அமைப்பு வேறாயிருக்கப் படிகம் ஒன்றாயிருத்தல் எங்ஙனம்? பலர் இதனை விதிவிலக்கெனச் சொல்லிக் கடந்து சென்றனர். றொஸ்கோ அவ்வாறு கடந்து செல்லவில்லை. விதி பொய்யோ, அன்றி நிறை பொய்யோ என்று அவர் வினவினார்.

மஞ்சள் நிறத் திரவம்

அவ்வினாவுக்கு விடை தந்தது ஒரு திரவம். வனேடியம் ஒட்சைட்டைக் கரியோடு கலந்து சூடாக்கி, உலர்ந்த குளோரீன் வாயுவை மேலே செலுத்தினால், எலுமிச்சம்பழத்தின் மஞ்சள் நிறமுடைய திரவமொன்று வடிந்து வரும். அது 127 பாகை சென்ரிகிரேட் அளவிற் கொதிக்கும். நீரினும் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்குக்குச் சற்று மேலான பாரமுடையது. ஈரமுள்ள காற்றிற் குடுவையைத் திறந்தவுடன் புகையத் தொடங்கும். நீர் பட்டால் உடனே சிதைந்து, செம்மஞ்சள் ஒட்சைட்டாகவும் ஐதரோகுளோரிக்கமிலமாகவும் பிரியும். மூச்சிற் புகுந்தால் ஊறு செய்யும். ஆதலால் அதனைக் கண்ணாடிக் குழாயினுள் அடைத்து, வாயை உருக்கி மூடியே வைப்பர். இத்துணை எளிதில் மாறும் பொருளைக் கையாண்டு நிறுத்தல் எத்துணை அரிதென்பதை ஆய்வுகூடத்திற் பழகியோர் அறிவர்.

பெர்சீலியஸ் இத்திரவத்தை நன்கு அறிவார். அதில் உலோகமும் குளோரீனும் மாத்திரமே உள்ளன என்றும், அது வனேடியத்தின் முக்குளோரைட்டு என்றும் அவர் கருதினார். றொஸ்கோ, அதன் ஆவியைச் செஞ்சூடேறிய தூய கரியின் மீது செலுத்தினார். வெளிவந்த வாயுவிலே காபனீரொட்சைட்டு இருந்தது. கரியோ தூயது, குழாயினுட் காற்று இல்லை. ஆயின் ஒட்சிசன் எங்கிருந்து வந்தது? அத்திரவத்திலிருந்தே வந்திருத்தல் வேண்டும். வேறு வழிகளாலும் சோதித்து, அதே முடிவைக் கண்டார். முக்குளோரைட்டெனப் பெயர் பெற்றிருந்தது உண்மையில் ஒட்சிமுக்குளோரைட்டு.

இங்கே மாணவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. இன்றைய அளவுகளின்படி, அத்திரவத்தின் 100 பங்கில் வனேடியம் 29.4, ஒட்சிசன் 9.2, குளோரீன் 61.4 பங்கு உள்ளன. ஒட்சிசனைக் காணாத ஒருவர், குளோரீன் போக எஞ்சிய 38.6 பங்கையும் உலோகமெனவே எழுதுவார். கூட்டினால் நூறு வரும். கணக்கிற் குறைவு தோன்றாது. பிழை மறைந்திருந்தது தராசிலன்று. நிறுத்ததற்குப் பெயரிட்ட வகையிலேயே. அந்த ஒன்பது பங்கு ஒட்சிசன், உலோகத்தின் உடையை அணிந்துகொண்டு 36 ஆண்டுகள் உலகத்தை மயக்கியது.

அவ்வாறு மயக்கியதற்கும் காரணம் உண்டு. வனேடியத்தின் ஓரணு, ஒட்சிசனின் ஓரணுவை இறுகப் பற்றிக்கொண்டு, அவ்விணை ஒரே உலோகம்போலச் சேர்வைக்குச் சேர்வை குலையாது செல்லும் இயல்புடையது. வனடைல் என்று அதனை அழைப்பர். உண்மை அணுநிறை 51.3 என றொஸ்கோ கண்டார். இன்று நாம் கொள்வது 50.94. அதனோடு ஒட்சிசனின் 16ஐக் கூட்டினால் 67 வரும். பெர்சீலியசின் 68.5க்கு அது அணித்தானதே. அவர் உலோகமென நிறுத்தது உலோகமும் ஒட்சிசனும் சேர்ந்த ஒட்சைட்டையே. அம்மோனியா வாயுவைக் கொண்டு பெற்ற பொருளும் உலோகமன்று; அது நைதரசன் சேர்ந்த நைத்திரைட்டு. இத்தகைய மயக்கம் முன்னரும் ஒருமுறை நிகழ்ந்ததுண்டு. 1789இல் யுரேனியமெனக் கிளப்புரோத் கண்டதும் ஒட்சைட்டே என்று பெலிகோ 1841இற் காட்டியிருந்தார்.

அணுநிறை திருந்தவே எல்லாம் திருந்தின. வனேடியத்தின் உயர் ஒட்சைட்டு, ஈரணு உலோகமும் ஐந்தணு ஒட்சிசனும் உடையதாயிற்று. பொசுபரசின் ஒட்சைட்டும் அவ்வகையினதே. மஞ்சள் நிறத் திரவம், பொசுபரசின் ஒட்சிகுளோரைட்டுக்கு நேர் இணையாயிற்று. படிகத்தின் முரண்பாடு நீங்கியது. மிற்சர்லிக்கின் விதி பொய்க்கவில்லை.

உலோகம் வெளிப்பட்டது

இம்முடிவுகளை றொஸ்கோ, வேத்தியற் சங்கத்தின் 1868ஆம் ஆண்டுப் பேக்கரியன் விரிவுரையாக வெளியிட்டார். ஆயினும் அவர் அத்துடன் அமையவில்லை. பெர்சீலியஸ் பெற்றது உலோகமன்றாயின், உலோகம் எங்கே என்ற வினா எஞ்சி நின்றதன்றோ?

ஒட்சிசனைச் சிறிதும் விடாது பற்றும் இவ்வுலோகத்தை ஒட்சைட்டிலிருந்து பிரித்தல் அரிது. ஆதலின், ஒட்சிசனே இல்லாத ஒரு சேர்வையிலிருந்து தொடங்கவேண்டும் என அவர் தீர்மானித்தார். ஒட்சிமுக்குளோரைட்டிலிருந்த ஒட்சிசனை நீக்கி, நாற்குளோரைட்டு என்னும் செங்கபில நிறத் திரவத்தைச் செய்தார். அது தானாகவே மெல்ல மெல்லக் குளோரீனை வெளிவிட்டு முக்குளோரைட்டாக மாறும் தன்மையது. பின்னர் இருகுளோரைட்டைப் பெற்றார். அவ்விருகுளோரைட்டைப் பிளாற்றினத்தாற் செய்த சிறு ஓடத்தில் இட்டு, போசிலேன் குழாயினுள் வைத்து, தூய உலர்ந்த ஐதரசன் வாயுவைச் செலுத்திக்கொண்டு, நெடுநேரம் செஞ்சூட்டில் வைத்திருந்தார். ஒரு துளி ஈரமோ, சிறிது காற்றோ புகுந்தால் உழைப்பெல்லாம் வீணாகி, மறுபடியும் ஒட்சைட்டே கிடைக்கும். பலமுறை அவ்வாறு வீணானபின், 1869இற் சாம்பல் வெண்மையான தூளொன்று கிடைத்தது. உருப்பெருக்கியின் கீழ் அது வெள்ளிபோல ஒளிர்ந்தது. தெல் ரியோ அம்மூலகத்தைக் கண்டு 68 ஆண்டுகளின் பின்னர், மனிதர் கண்முன் வனேடியம் உலோகமாகத் தோன்றியது. அடித்து நீட்டக்கூடிய தூய உலோகம் பெறுதற்கு 1927 வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று என்றால், றொஸ்கோவின் அரும்பாடு விளங்கும்.

அவ்வாண்டிலேயே உருசிய அறிஞர் மென்டெலீவ் தம் ஆவர்த்தன அட்டவணையை வெளியிட்டார். அதில் வனேடியம் 51 என்னும் நிறையோடு தனக்குரிய இடத்தில் அமைந்தது. பழைய நிறையே நிலைத்திருந்தால் அதற்கு அங்கே இடமேது?

பெர்சீலியசைத் திருத்திய றொஸ்கோ, அவரை எள்ளி நகையாடவில்லை. அப்பெரியாரின் செய்முறைகள் எத்துணைச் செம்மையானவை என்பதை எடுத்துக்காட்டி, அவற்றிற்குக் கொண்ட பொருளையே மாற்றினார். இதனை நாம் குறித்துக்கொள்ளுதல் நன்று.

அவர் பணியைப் பாராட்டி வேத்தியற் சங்கம் 1873இல் வேத்தியற் பதக்கம் வழங்கியது. கலிபோர்னியாவிற் கண்டெடுத்த வனேடியம் உள்ள அப்பிரகம் ஒன்றுக்கு றொஸ்கோலைற்று என அவர் பெயரையே இட்டனர். அவர் உலோகத்தைத் தேடியது பயன் கருதியன்று. ஆயினும் பயன் பின்தொடர்ந்தது. மான்செஸ்டரின் துணி அச்சிடுவோர் அனிலீன் கறுப்புச் சாயத்துக்கு வனேடியம் உப்புகளைப் பயன்படுத்தினர். 1908இல் வெளிவந்த போட் மோட்டார் வண்டியின் உருக்கிலே வனேடியம் கலந்திருந்தது. சல்பூரிக்கமிலம் செய்யும் ஆலைகளில் அதன் ஒட்சைட்டு ஊக்கியாக உதவுகின்றது. றொஸ்கோ ஆராய்ந்த அந்த மஞ்சள் திரவமும், செயற்கை இறப்பர் வகையொன்றைச் செய்தற்கு ஊக்கியாக இன்று பயன்படுகின்றது.

பிற்கால வாழ்வு

இதற்கிடையிற் கல்லூரியும் வளர்ந்தது. 1873இல் ஒக்ஸ்போட் வீதியிற் புதிய கட்டடங்கள் திறக்கப்பட்டன. அங்கமைந்த இரசாயன ஆய்வுகூடம் றொஸ்கோவின் திட்டப்படி எழுந்தது. தம்மிடம் உதவியாளராக வந்த யேர்மானியரான ஷோர்லெமரின் ஆற்றலை அறிந்து, 1874இல் அவருக்கு இங்கிலாந்தின் முதலாவது சேதன இரசாயனப் பேராசிரியர் பதவி கிடைக்கச் செய்தார். இருவரும் கூடி இயற்றிய பெருநூல் 1877 முதற் பகுதி பகுதியாக வெளிவந்தது. இளம் மாணவருக்கென றொஸ்கோ 1866இல் எழுதிய இரசாயன பாடநூல் பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டது. 1880இல் ஓவன்ஸ் கல்லூரி விக்ரோரியாப் பல்கலைக்கழகத்தின் முதற் கல்லூரியாயிற்று. இலத்திரனைக் கண்ட ஜே. ஜே. தொம்சன், 14 வயதிற் கற்க வந்த கல்லூரி அதுவே.

1884இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. 1885 முதல் 1895 வரை தென் மான்செஸ்டரின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்தில் இருந்து, தொழிற்கல்விக்காக உழைத்தார். 1896 முதல் 1902 வரை இலண்டன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். அவர் 1863இல் மணந்த லூசி பொட்டர் அம்மையாரின் மருமகளே, சிறுவர் கதைகளாற் புகழ்பெற்ற பியாற்றிக்ஸ் பொட்டர். அப்பெண் காளான்களைப் பற்றித் தானே ஆராய்ந்து கண்டவற்றைக் கற்றோர் பொருட்படுத்தாதபோது, அவளை ஊக்கி, அவள் கட்டுரை 1897இல் இலினேயன் சங்கத்தின் முன் வைக்கப்படுவதற்குத் துணைநின்றவர் றொஸ்கோ. பெயர் பெற்றோர் மறுத்தனர் என்ற ஒன்றைக் கொண்டு ஒரு கருத்தைத் தள்ளுவது அவர் இயல்பன்று.

1915ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆம் நாள், 82ஆம் வயதில், சறே மாவட்டத்திலிருந்த தம் இல்லத்தில் அவர் காலமானார். ஒருகாலத்தில் இரவுச் சத்திரமாகிவிடுமென அஞ்சப்பட்ட அக்கல்லூரி, அவர் மறைந்த நாளிற் பெரும் பல்கலைக்கழகமாய் விளங்கியது. அணுவின் கருவைக் கண்ட றதபோட் அங்கே பௌதிகப் பேராசிரியராயிருந்தார்.

முடிவுரை

வனேடியத்தின் வரலாற்றில் மூவரை நாம் கண்டோம். பெரியோர் தீர்ப்புக்குப் பணிந்து, தாம் கண்ட உண்மையையே கைவிட்டவர் தெல் ரியோ. தம் தராசை நம்பியும், நிறுத்த பொருளின் பெயரில் ஏமாந்தவர் பெர்சீலியஸ். பெரியோரின் விதியைக் கொண்டே பெரியோரின் பிழையைக் கண்டு, அடக்கத்தோடு திருத்தியவர் றொஸ்கோ. குருபத்தி நம் மரபிற் கூறிய உயர்ந்த ஒழுக்கம். அதனை நாம் ஒருபோதும் விடலாகாது. ஆயினும், ஆசிரியர் சொன்னார் என்பதற்காகச் சோதியாது ஏற்றல் குருபத்தியாகாது. ஆசிரியர் கற்பித்த முறையைக் கொண்டு ஆசிரியர் சொல்லையும் நிறுத்துப் பார்ப்பவனே அவருக்கு உண்மையில் மாணவன். அவ்வாறு நிறுத்துப் பார்க்கும் உரிமையை மாணவனுக்கு மனமுவந்து அளிப்பவரே உண்மையில் ஆசிரியர்.

நம் மாணவர், வசதியுள்ளபோது, ஆசிரியர் துணையோடு ஒரு சிறு செய்முறையைச் செய்து பார்க்கலாம். அம்மோனியம் வனேடேற்றைச் சிறிது அமிலத்திற் கரைத்தால் மஞ்சள் நிறக் கரைசல் கிடைக்கும். அதில் நாகத்துண்டு இட்டால், மஞ்சள் நீலமாகும், நீலம் பச்சையாகும், பச்சை ஊதாவாகும். ஒரே மூலகம் நான்கு கோலம் காட்டும் அக்காட்சியைக் காணும்போது, அது தன் உண்மை வடிவை எத்தனை பேரிடம் மறைத்தது என்பதையும், மான்செஸ்டரில் ஒரு கல்லூரி ஆசிரியர் பொறுமையோடு அதனைக் கண்டார் என்பதையும் நினைப்பார்களாக. தன் ஆய்வுகூடத்தில் அத்தகைய பொறுமையை வளர்க்கும் கல்லூரி, எத்தனை விழாக் கண்டாலும் மூப்படையாது.